பதிமூன்றாம் சனல்

ஒரு மனிதன் வீட்டில் இருக்கிறான் என்று எதை வைத்துச் சொல்வது? வாசலில் செருப்புக் கிடப்பதை வைத்தா? சோற்றுக்குப் பாய் விரிக்கும்போது ஒரு பீங்கான் கூடுதலாக எடுப்பதை வைத்தா? கூப்பிட்டால் உள்ளேயிருந்து "ஓம்" என்று ஒரு குரல் வருவதை வைத்தா? குறிஞ்சாக்கேணியில் சுஹைராவின் வாழ்க்கையைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் இந்தக் கேள்வி வந்து நிற்கும். அவள் அதை ஒருபோதும் இப்படிக் கேட்டதில்லை. கேள்விகளில் அவளுக்குப் பெரிய நாட்டம் கிடையாது. பழுதுகளில்தான் நாட்டம்.

அவளுக்கு முப்பத்தெட்டு வயது. களப்புக் கரையிலிருந்து இரண்டு ஒழுங்கை, அதாவது இரண்டு சின்னத் தெரு, தள்ளி வீடு. இலங்கையின் கிழக்கில் வீடு பெண்ணுக்கு உரியது. கலியாணம் முடித்து மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவான். அப்படி வந்தவன் முனீப். வந்து நான்காம் வருடம், மகள் பஸ்னாவுக்கு இரண்டு வயதாக இருந்தபோது, கத்தாருக்குப் போனான். ஏசி திருத்துகிற வேலை. பதினொரு வருடங்களில் ஐந்து முறை லீவில் வந்திருந்தான், ஒவ்வொரு முறையும் நாற்பத்தைந்து நாள். சேர்த்துப் பார்த்தால் எட்டு மாதம் கூட இல்லை. சுஹைரா அதைச் சேர்த்துப் பார்த்திருக்கிறாள். யாரிடமும் சொன்னதில்லை.

அவளுடைய தொழில் வந்த விதம் சாதாரணமானது. தம்பி இக்ராமுக்குக் கிண்ணியாச் சந்தியில் போன் கடை. வெளிநாட்டிலிருந்து வருகிற ஆண்கள் பெட்டிக்குள் சொக்லெட்டோடும் போர்வையோடும் ஒரு வைஃபை றூட்டரையும் வைத்துக்கொண்டு வருவார்கள். அதைச் சுவரில் பொருத்திப் பூட்டிவிட்டு லீவு முடிந்து போய்விடுவார்கள். பிறகு அது வேலை செய்யாது. இக்ராம் போய்ப் பார்க்கலாம். ஆனால் மாப்பிள்ளை வெளிநாட்டில் இருக்கிற வீட்டுக்குள் ஒரு ஆண்பிள்ளை போய் ஒரு மணித்தியாலம் குந்தியிருந்தால், பெட்டி சரிவந்தாலும் கதை சரிவராது. ஆகவே அவன் தன் ராத்தாவை அனுப்பினான். அவள் உயர்தரம் முடித்துக் கம்பியூட்டர் வகுப்புக்கும் போனவள். முதல் இரண்டு மாதம் இக்ராம் போனில் சொல்லச் சொல்ல அவள் அமத்தினாள். அதன் பிறகு அவன் அவளிடம் கேட்கத் தொடங்கினான். ஊர் அவளைப் பெரிதாகப் புகழவில்லை. புகழும்படி அவளும் ஒன்றும் செய்துவிடவில்லை. பழுது இருந்தது, போனாள், திருத்தினாள், ஸ்கூட்டரில் திரும்பி வந்தாள்.

அந்த வீடுகளில் அவள் திரும்பத் திரும்பக் கண்டது ஒரே பிழை. றூட்டரை முதன்முதலில் பூட்டும்போது அது ஒரு கேள்வி கேட்கும்: நாடு எது? கிண்ணியாவில் அதற்கு எல்லாரும் ஒரே மாதிரி விடை கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை சவூதியில் என்றால் சவூதி. குவைத்தில் என்றால் குவைத். ஒரு வீட்டில் மூத்த மகன் இத்தாலியில் இருந்தான். அந்த வீட்டுப் பெட்டி பெரியாற்றுமுனையில் ஒரு தையல் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு தான் இத்தாலியில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தது.

ஜெஸீமா ராத்தாவின் வீட்டில் இதைப் பற்றி ஒரு நாள் நீண்ட வாதம் நடந்தது. ஜெஸீமா அடுத்த ஒழுங்கை. புருசன் குவைத்தில் சாரதி.

"அவர் குவைத்திலதானே இருக்கார். அப்ப குவைத் எண்டுதானே போடணும்? கோல் நேரா அங்க போகணுமே" என்றாள் ஜெஸீமா.

"ராத்தா, இது கோல் போற நாட்டக் கேக்கல்ல. பெட்டி இருக்கிற நாட்டக் கேக்குது."

"பெட்டி குவைத்தில வாங்கினதுதான்."

"வாங்கின நாடும் இல்ல. இப்ப எங்க குந்தியிருக்கு எண்டு கேக்குது."

"அத இது ஏன் கேக்குது? என்ன, எமிக்றேசன் ஒபிசரா?"

சுஹைராவுக்குச் சிரிப்பு வந்தது. "அந்த மாதிரித்தான். காத்தில கதைக்கிறதுக்கு ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு சட்டம் இருக்கு. எந்த ஒழுங்கையால போகலாம், எவ்வளவு சத்தமாக் கதைக்கலாம் எண்டு. நாட்டச் சொன்னாத்தான் பெட்டி அந்த நாட்டுச் சட்டத்த எடுக்கும். ஒழுங்கைக்குப் பேர் சனல். இஞ்ச பதிமூணு சனல் இருக்கு. அமெரிக்காவில பதினொண்டுதான்."

"அப்ப ஆகச் சத்தமாக் கதைக்க விடுற நாட்டப் போடன். குசினிக்குள்ள வருகுதே இல்ல."

"போட்டா பெட்டி கத்தும். ஒங்கட போனுக்கு நல்லாக் கேக்கும். ஆனா போன் திருப்பிச் சொல்றது பெட்டிக்குக் கேக்காது. போனுக்கு அவ்வளவு தொண்டை இல்ல. அதோட அது சட்டப்படியும் பிழை."

ஜெஸீமா யோசித்தாள். "இலங்கை எண்டு போட்டா கோல் நிக்காதே?"

"நிக்காது."

"அப்ப போடு. ஆனா அவருக்குச் சொல்லிராத. அவர்தான் தன்ட கையால குவைத் எண்டு வச்சிட்டுப் போன."

நாட்டை மாற்றிய பிறகு சுஹைரா இன்னொன்றும் கேட்பாள். பெட்டிக்குள் ஒரு மணிக்கூடும் ஓடும். அதில் மாப்பிள்ளை இருக்கிற நாட்டு நேரம் இருக்கும். "நேரத்தையும் மாத்தவா?" அநேகமான பெண்கள், "அது கிடக்கட்டும், அதால ஒரு கரைச்சலும் இல்லையே" என்பார்கள். அதால் ஒரு கரைச்சலும் இல்லைதான். விட்டுவிடுவாள்.

இதே ஜெஸீமா வீட்டில்தான் அவள் இன்னொன்றையும் கற்றுக்கொண்டாள். அமெரிக்காவிலிருந்து ஒரு மச்சாள் பிள்ளைகளுக்குத் தொடுதிரை டெப் ஒன்று அனுப்பியிருந்தாள். அந்த டெப் சுற்றிவர இருந்த ஏழு வீடுகளின் வைஃபையைக் காட்டியது. நான்கு அடி தூரத்தில் இருந்த ஜெஸீமாவின் வைஃபையை மட்டும் காட்டவில்லை. மற்றப் போன்களுக்கெல்லாம் அது தெரிந்தது. சுஹைரா இரண்டு நாள் மண்டையைக் குடைந்தாள். மூன்றாம் நாள்தான் பிடிபட்டது. பெட்டி பதிமூன்றாம் சனலில் பேசிக்கொண்டிருந்தது. டெப் அமெரிக்கச் சட்டத்தோடு பிறந்தது. அதற்குப் பதினொன்றுக்கு மேல் காதே கிடையாது. பெட்டியைப் பதினொன்றுக்கு இறக்கினாள். டெப் உடனே கண்டுகொண்டது. அமெரிக்காவில் செய்த எல்லாவற்றுக்கும் இந்தக் குறை இல்லை, சிலவற்றுக்குத்தான் என்று பிறகு இக்ராம் சொன்னான்.

தன் வீட்டுப் பெட்டியையும் அவள் பதிமூன்றில்தான் வைத்திருந்தாள். கொரோனாக் காலத்தில் பிள்ளைகளின் படிப்புக்கென்று ஒழுங்கை முழுக்க வைஃபை வந்து, ஒன்று, ஆறு, பதினொன்று மூன்றும் சந்தை நாள் மாதிரி ஆகிவிட்டிருந்தன. பதிமூன்றில் ஆள் இல்லை. பதினொன்றின் இரைச்சல் கொஞ்சம் வந்து விழும், அவ்வளவுதான். முனீபின் முகம் உடையாமல் தெரிந்தது அதில்தான். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆவுக்குப் பிறகு அவன் கூப்பிடுவான். அவளும் பஸ்னாவும் அலுமாரிக்கு முன்னால் போனைச் சாத்திவைத்துவிட்டு இருப்பார்கள்.

போன வருடம் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நான்கு நாள் இருக்க முனீப் ஆறாவது முறையாக லீவில் வந்தான். கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து வான் வண்டி வந்து நின்றபோது காலை பத்து மணி. பெட்டிகளை இறக்கி, முகம் கழுவி, கதிரையில் இருந்து, வழக்கம்போல முதல் வேலையாகப் போனை எடுத்தான். சிறிது நேரம் விரலால் தள்ளிக்கொண்டிருந்தான்.

"ஜெஸீமா வீடு காட்டுது. 'மாஷா அல்லாஹ் இரண்டு' எண்டு ஒண்டு காட்டுது. எல்லார்ர வீடும் காட்டுது புள்ள, நம்மட வீட்டத்தான் காணல்ல."

பஸ்னா வாப்பாவின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "பஸ்னா மன்ஸில் எண்டு இருக்கும் வாப்பா, நல்லாப் பாருங்க."

"நான் என்ன கண் தெரியாதவனா?"

சுஹைரா போனை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "இது எங்க எடுத்த?"

"கேம்பில ஒரு அமெரிக்க இஞ்சினியர் ஊருக்குப் போகக்குள்ள வித்தவர். புதுசு மாதிரி."

அவளுக்கு விளங்கிவிட்டது. இரண்டு நிமிட வேலை. கணினியைத் திறந்து, பதிமூன்று என்பதை அழித்துப் பதினொன்று என்று போட வேண்டும். அடுப்பில் கறி இருந்தது, முற்றத்தில் சொந்தக்காரர் வந்து நின்றார்கள்.

"அமெரிக்காப் போன் இது. நம்மட பெட்டியக் காணாது" என்றாள்.

"ஒனக்கும் ஏலாதா?"

"பாக்கிறன்" என்றாள்.

சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. உண்மையில் பாதி இருந்தது.

முந்திய லீவுகளை அவள் மறந்திருக்கவில்லை. அவன் வருவான், வந்து, கூடத்தில் சிக்னல் நன்றாக இருக்கிற மூலையில் கதிரையைப் போட்டுக்கொள்வான். கத்தாரில் ஆறு மணிக்கு வேலை தொடங்கும், இங்கே எட்டரை. எட்டரைக்கு அவன் போன் துடிக்கத் தொடங்கிவிடும். போர்மனின் குரல் செய்திகள், ஒரே அறையில் இருக்கிற நேபாளக்காரனின் பகிடிகள், எந்தக் கட்டடத்தில் எந்த மெஷின் நின்றுபோனது என்ற விபரம். இவன் இங்கேயிருந்து ஹிந்தியில் வழி சொல்லுவான், சிரிப்பான், பத்து மணிக்கு அவர்களோடு தேத்தண்ணி குடிப்பான். பகல் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அங்கே யாரோ ஏணியிலிருந்து விழுந்த செய்தி வந்து, இவன் கையில் சோற்றோடு எழும்பிப் போனதும் உண்டு. வெள்ளிக்கிழமை வீடியோவில் அவன் அவளை நேரே பார்த்துப் பேசுவான். ஊருக்கு வந்தால் அந்தப் பார்வை போனுக்குப் போய்விடும். அவன் கத்தாரில் இருந்தபோது அவள் அவனுக்காக ஏங்கியது எல்லாருக்கும் விளங்கக்கூடியது. அவன் வீட்டில் இருந்தபோதும் அதே ஏக்கம் தொடர்ந்ததை யாரிடம் சொல்வது?

இரண்டாம் நாள் பகல் சாப்பாட்டில் அவன் விடயத்தைச் சொன்னான். கம்பனி புது இடத்தில் இரண்டு வருட ஒப்பந்தம் தருகிறது. வருவதா இல்லையா என்று இருபத்தைந்தாம் திகதிக்குள் சொல்ல வேண்டும். வரவில்லை என்றால் கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்கள்.

"என்ன சொல்லப் போறீங்க?"

"பாப்பம்" என்றான் அவன். சொல்லிக்கொண்டே ஜன்னலால் பக்கத்து வளவைப் பார்த்தான்.

அங்கே பஸ்னாவின் வீடு இருந்தது. அதாவது, அதன் அத்திவாரமும் ஆறு தூண்களும். போன லீவில் போட்டது. தூண்களின் தலையில் கம்பிகள் துருப்பிடித்து நின்றன. ஒன்றில் பீர்க்கங்கொடி ஏறியிருந்தது, இரண்டுக்கிடையில் சுஹைரா கயிறு கட்டி உடுப்புக் காயப் போட்டிருந்தாள். பஸ்னாவுக்குப் பதின்மூன்று வயது. இன்னும் எட்டு, பத்து வருடத்தில் அதற்குக் கூரை வர வேண்டும். இந்த ஊரில் ஆண்கள் கடல் தாண்டுவதன் காரணம் அநேகமாக ஒரு பெண்பிள்ளையின் வீடுதான். இது சுஹைராவுக்கும் தெரியும். அவள் இருக்கிற இந்த வீடும் அவளுடைய வாப்பா ஒன்பது வருடம் சவூதியில் இருந்து கட்டியது.

அந்த லீவின் நாட்கள் புதுவிதமாகப் போயின. அவன் டேட்டா கார்ட் வாங்கிப் போட்டான். நேபாளக்காரன் அனுப்பிய வீடியோக்களிலேயே அது இரண்டு நாளில் முடிந்தது. இன்னொன்று போட்டு, அவசரக் கோல் ஒன்றுக்கென்று டேட்டாவை அணைத்து வைத்தான். அதோடு கத்தார் குறூப்புகளும் அடங்கின. அடுத்த வீட்டில் வைஃபை கேட்கலாமே என்று பஸ்னா சொன்னாள்.

"வைஃபைக்காரியிட மாப்பிள்ளை ஜெஸீமா வீட்டு வாசல்ல போய் வைஃபை கேட்டு நிண்டா ஊர் என்ன சொல்லும்? அந்தக் குரலெல்லாம் நான் கத்தாருக்குப் போய்க் கேட்டுக்கிடுறன்."

நான்காம் நாள் கிணற்று மோட்டரைக் கழற்றித் துப்புரவாக்கினான். ஆறாம் நாள் குசினிக் கதவு உரசுகிறது என்று அதைச் சீவினான். பதினொரு வருடமாக அது உரசிக்கொண்டுதான் இருந்தது. எட்டரைக்கு ஒருநாளும் எதுவும் துடிக்கவில்லை. பகல் சோறு தின்றுவிட்டுக் கையைக் கழுவி வந்து அவளுக்குப் பக்கத்தில் பாயிலேயே இருந்தான். ஆரம்பத்தில் இருவருக்கும் என்ன கதைப்பதென்று தெரியவில்லை. பிறகு கதை வந்தது. அவளுடைய வேலையைப் பற்றி அவன் அதற்கு முன் ஒருநாளும் ஒழுங்காகக் கேட்டதில்லை. இப்போது கேட்டான். அவள் சொன்னாள். இத்தாலியில் இருந்த பெட்டியின் கதைக்கு அவன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான்.

ஒவ்வொரு நாளும் காலையில் அவள் கணினியைத் திறப்பாள், வேலை வீடுகளின் விபரம் பார்ப்பாள், மூடுவாள். அந்தப் பக்கத்துக்குப் போகமாட்டாள். ஒருமுறை அவன் கேட்டான்: "அந்தப் போன் விசயம் என்ன மாதிரிப் புள்ள?"

"இன்னும் பாக்கல்ல."

"ம். அவசரமில்ல."

அவசரமில்லை என்று அவன் சொன்னது அவளுக்கு இனித்தது. இனித்ததற்காக உள்ளுக்குள் குத்தியது. அவள் மருந்துக் கடையில் நின்றுகொண்டு மருந்து இல்லை என்று சொல்கிறவள் மாதிரி உணர்ந்தாள். என்றாலும் அன்றும் மாற்றவில்லை.

பெருநாள் கழிந்து அவள் வேலைக்குப் போகத் தொடங்கியபோது அவனும் கூடப் போனான். ஸ்கூட்டரை அவள் ஓட்டினாள், அவன் பின்னால். சந்தியில் இக்ராம் கடை வாசலுக்கு வந்து நின்று பார்த்தான்.

"மச்சான், பொண்டாட்டிக்குப் பின்னால குந்திப் போக வெக்கமா இல்லையா?"

"பதினொரு வருசமாக் கம்பனி பஸ்ஸில பின் சீட்டுத்தான். பழகிட்டு" என்றான் முனீப்.

பதினாறாம் நாள், பத்தொன்பதாம் திகதி, திருகோணமலை டவுனிலிருந்து ஒரு அழைப்பு. இன்பமலர் டீச்சர், ஓய்வு பெற்றவர். துறைமுகத்தைப் பார்த்த மாடி வீட்டில் இரண்டு அறையை வெளிநாட்டுக்காரருக்கு விடுகிறார். இவர்கள் போனபோது அவர் படியிலேயே நின்றார்.

"வாங்கோ பிள்ளை. என்ட வைஃபை செத்துச் செத்து உயிர்க்குது. இருக்கிற வெள்ளைக்காரப் பொம்பிளை ஒவ்வொருக்காலும் என்னை ஒரு பார்வை பாக்கிறா, நான் ஏதோ வயரைப் புடுங்கினது மாதிரி."

பெரிய பெட்டி, ஐந்து கொம்பு. சுஹைரா அரை மணித்தியாலம் பார்த்தாள். அது விடுகிற இரண்டு வைஃபையில் வேகமானது இருந்தாற்போல் மறையும், பிறகு வேறொரு சனலில் திரும்பி வரும். அவள் ஒருமுறை அதை நிறுத்தி எழுப்பினாள். விளக்கு எரிந்தது, வைஃபை வரவில்லை. முனீப் பொறுமையிழந்து பெட்டியைத் தட்டப் போனான்.

"தட்டாதீங்க. அது கேட்டுக்கொண்டிருக்கு."

"என்னத்த?"

"சில சனல்ல பெரிய ஆக்கள் இருப்பாங்க. ராடர், மழை பாக்கிற மெஷின், அந்த மாதிரி. அந்த ஒழுங்கையில கதைக்க முந்தி ஒரு நிமிசம் வாயப் பொத்திக்கொண்டு காத வச்சுக் கேக்கணும் எண்டு சட்டம். ஒருத்தரும் இல்லையெண்டாக் கதைக்கலாம். இடையில ஆரும் வந்தா, கதைய விட்டுட்டு வேற ஒழுங்கைக்குப் போகணும். அதுதான் இது செத்துச் செத்து எழும்புது."

"அப்ப ஹாபருக்குக் கப்பல் வந்தால் என்ட இன்டர்நெட் போகுமோ?" என்றார் டீச்சர்.

"கப்பலோ வேற என்னவோ, அது எனக்குத் தெரியாது டீச்சர். பெட்டி எதையோ கேட்டிருக்கு. சில நேரம் ஒண்டும் இல்லாமலும் கேட்டது எண்டு நினைக்கும். நான் இத அந்தச் சட்டம் இல்லாத சனலுக்கு மாத்தி விடுறன்."

"கதைக்க முந்தி ஒரு நிமிசம் கேக்கிறதா" என்றான் முனீப். "நல்ல பழக்கம். எங்கட போர்மனுக்கு இத ஒருக்காப் பூட்டி விடணும்."

டீச்சர் சிரித்து, இருவருக்கும் கேக்கும் தேத்தண்ணியும் தந்து அனுப்பினார்.

திரும்பி வரும்போது கிண்ணியாப் பாலத்தின் நடுவில் அவன் அவளுடைய தோளைத் தொட்டு நிற்பாட்டச் சொன்னான். பின்னேரம் நான்கு மணி. காற்று அவளுடைய முந்தானையைப் பிடித்து இழுத்தது. கீழே வள்ளமொன்று இயந்திரத்தை நிறுத்திவிட்டு நீரோட்டத்தோடு போய்க்கொண்டிருந்தது. அவன் கைப்பிடிச் சுவரில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு நின்றான்.

"நானும் கேட்டுப் பாத்தன்" என்றான்.

"என்னத்த?"

"இந்தப் பதினாறு நாளும். சும்மா இருந்து கேட்டுப் பாத்தன். இஞ்ச நல்லா இருக்கு." கொஞ்சம் பொறுத்துச் சொன்னான்: "நான் இந்த முறை போகல்ல புள்ள. இக்ராமோட சேர்ந்து ஏசி வேலை செய்யலாம். நிலாவெளிப் பக்கம் ஹோட்டல் இருக்கு. பஸ்னாட வீடு மெதுவா எழும்பட்டும்."

பதினொரு வருடமாக அவள் இந்த வசனத்தைப் பல விதமாகக் கேட்டிருந்தாள். எல்லாம் தன் தலைக்குள். அதில் ஒன்றில் கூட இந்தப் பாலமும் வள்ளமும் இருந்ததில்லை. அவள் ஏதாவது சொல்வாள் என்று அவன் அவளுடைய முகத்தைப் பார்த்தான்.

"ஓம்" என்றாள். "வாங்க, மக்ரிபுக்கு முந்திப் போவம்."

வழியெல்லாம் அவன் பேசிக்கொண்டு வந்தான். கடைக்கு என்ன பெயர் வைப்பது, பழைய வான் ஒன்று எடுப்பதா, முச்சக்கர வண்டியா. அவன் கை அவளுடைய தோளிலேயே இருந்தது. அன்று அவள் சமைத்த மீன் ஆணத்தில் உப்புப் போட மறந்திருந்தாள். அவன் இரண்டாம் முறையும் போட்டுச் சாப்பிட்டான். பஸ்னாதான் சொன்னாள்.

மறுநாள் காலை அவன் பீர்க்கங்கொடியைக் கம்பியிலிருந்து பிரித்து வேலியில் ஏற்றிவிட்டு வந்து, வாசற்படியில் இருந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தான். போன் கதிரையில் கிடந்தது. சுஹைரா கூடத்தில் மேசைக்கு முன்னால் இருந்து கணினியைத் திறந்தாள். அந்தப் பக்கத்துக்குப் போனாள். நாடு: இலங்கை. அது சரியாக இருந்தது. சனல்: பதிமூன்று. பதினாறு நாளும் அவன் கேட்டுப் பார்த்தது இந்த எண் கேட்க விட்ட பக்கத்தை மட்டும்தான். பிறகு அதை அழித்துப் பதினொன்று என்று போட்டு, சேமித்தாள். பெட்டியின் விளக்குகள் ஒருமுறை அணைந்து ஒவ்வொன்றாக எரிந்தன. அவள் எழும்பிப் போய்ப் போனை எடுத்து, பஸ்னா மன்ஸிலின் பாஸ்வேர்டைப் போட்டு, மீண்டும் கதிரையில் வைத்தாள்.

போன் துடிக்கத் தொடங்கியது. நிற்கவில்லை. துடித்துத் துடித்துக் கதிரையின் விளிம்புவரை வந்துவிட்டது.

"வாப்பா, ஒங்கட போனுக்கு ரூஹு வந்திட்டு" என்றாள் பஸ்னா.

அவன் வந்து எடுத்தான். நானூற்றுச் சொச்சம் செய்திகள். "எப்படிச் செய்த?"

"சனல மாத்தினன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவன் அவளைப் பார்த்தான். அவள் கணினியை மூடிக்கொண்டிருந்தாள். அவனுக்கு எவ்வளவு விளங்கியது என்று சொல்ல முடியாது. பதினேழு நாள் ஏன் எடுத்தது என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள் என்றும் தெரியாது.

அன்று பகல் முழுவதும் அவன் கேட்டுக்கொண்டிருந்தான். போர்மனின் குரல்கள், ஒன்றன்பின் ஒன்றாக. முதலில் அதட்டல், பிறகு கெஞ்சல், கடைசியில் புது இடத்தில் அவனை மேற்பார்வையாளனாகப் போடுவதாக ஒரு வாக்கு. நேபாளக்காரன் அவனுடைய கட்டிலைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். அதில் வேறு யாரும் படுக்காதபடி தன்னுடைய பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தான். அந்தப் படத்தை முனீப் மகளுக்குக் காட்டினான். "இதுதான் வாப்பாட இடம்" என்றான். சொல்லிவிட்டு, சொன்னது காதில் விழுந்தவன் போலப் போனைக் கவிழ்த்து வைத்தான்.

அடுத்த நான்கு நாளும் அவன் பக்கத்து வளவுக்கும் கூடத்துக்குமாக நடந்தான். தூண்களை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தான். பாலத்தில் சொன்னதை எடுத்துப் பேசவில்லை, அவளும் நினைவுபடுத்தவில்லை. இருபத்தைந்தாம் திகதி பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு குசினி வாசலில் வந்து நின்றான். அவன் சீவிய கதவு சத்தமில்லாமல் திறந்தது.

"இன்னும் ரெண்டு வருசம் புள்ள. கூரை மட்டும் வந்திரட்டும்."

"ஓம்" என்றாள் சுஹைரா. மாவைக் குழைத்துக்கொண்டிருந்த கை நிற்கவில்லை.

லீவு முடிந்து அவன் போனான். வான் திரும்பும்வரை படலையடியில் நின்றுவிட்டு வந்து, பாயில் கிடந்த அவனுடைய சாரத்தை எடுத்துத் தோய்க்கப் போட்டாள். மூன்று நாள் அதைக் கயிற்றிலிருந்து எடுக்கவில்லை.

விடயம் மெல்ல ஜெஸீமாவுக்குத் தெரியவந்தது, பஸ்னா சொல்லியிருப்பாள். ஜெஸீமா டெப்பின் கதையை மறக்காதவள். ஒருநாள் தேத்தண்ணிக்கு வந்தபோது நேரே கேட்டாள்: "போகல்ல எண்டு அவர் வாயாலயே சொன்னதுக்குப் பிறகு நீ ஏன்டி மாத்தின? ஒரு அஞ்சு நாள் பொறுத்திருந்தா திகதி முடிஞ்சிருக்குமே. எனக்கெண்டா அந்தப் பெட்டியக் களப்பில எறிஞ்சிருப்பன்." சுஹைரா அவளுக்கு இன்னும் கொஞ்சம் சீனி போட்டாள். "அத விடுங்க ராத்தா" என்றாள்.

வெள்ளிக்கிழமை வீடியோ தொடர்கிறது. ஆனால் இப்போது முனீபின் முகம் இடைக்கிடை உடைந்து நிற்கிறது. வாய் திறந்தபடியே உறைந்து, பிறகு நான்கு வசனம் தள்ளி உயிர் பெறுகிறது. போன மாதம் இக்ராம் வீட்டுக்கு வந்திருந்தபோது தன் போனில் பார்த்தான்.

"ராத்தா, நீங்க இன்னும் பதினொண்டிலயா நிக்கிறீங்க? அதில ஒழுங்கையில பாதி வீடு இருக்கே. மச்சான் போய் எவ்வளவு நாள். அந்தச் செவிட்டுப் போனும் இஞ்ச இல்ல. பதிமூணுக்குப் போட்டா வெள்ளிக்கிழமை தெளிவா இருக்கும்."

"தெரியும்" என்றாள்.

மற்ற வீடுகளுக்குப் போனால் அவளே அப்படித்தான் செய்துகொடுக்கிறாள். இக்ராம் கணினியை இழுத்துத் தானே மாற்றப் போனான். அவள் கையை நீட்டி அதை மூடினாள். இன்னும் பதினெட்டு மாதம் இருக்கிறது அவன் வர. பெட்டி பதினொன்றிலேயே இருக்கிறது.